அண்ணன் சோறு தின்ன கிண்ணம்

— அண்ணி, அந்தக் கிண்ணத்தக் கீழ வைங்க. பொணவண்டி கிளம்பட்டும், அப்புறம் பேசிக்கலாம்.

— கிளம்பினப்புறம் உடைச்சா என்ன பிரயோஜனம், கென்சாகு தம்பி? பெட்டி வாசலத் தாண்டறப்பதான் உடைக்கணும். செத்தவரு சோறு தின்ன கிண்ணம் உடைஞ்சாத்தான், இனிமே இங்க தனக்குச் சோறு இல்லேன்னு ஆவிக்குப் புரியும். வீட்டப் பாத்துத் திரும்பாது.

— முறை எனக்கும் தெரியும். அடுக்களையில எத்தனையோ கிண்ணம் கிடக்கு, அதுல ஒண்ண எடுத்து உடைங்க. இது அண்ணன் கையால வனைஞ்சதுலயே உசத்தி. இதுல ஒரு வாய் தேநீர் குடிச்சாப் போதும்னு கியோட்டோலேர்ந்து தேநீர்ச் சடங்கு நடத்தற குருமாருங்கல்லாம் வந்து கெஞ்சினாங்க.

— கெஞ்சினாங்க. அவரு அவங்க கண்ணு முன்னாலயே இதுல சோத்தப் போட்டு, ஊறுகாய வெச்சுத் தின்னாரு. தினமும் இதுலதான். வேற எதக் கொண்டுபோய் உடைக்கச் சொல்றீங்க?

— அது அண்ணனோட திமிரு. ஊரே ரசிச்சுச்சே.

— ஊருக்கென்ன, ரசிக்கும்.

— மியூசியத்துக்காரரு வெளிய குடையப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நம்ம கராட்சு ஊரு மண்ணுல இப்படி இன்னொண்ணு வராது அண்ணி. இப்படிக் குடுங்க.

— தொடாதீங்க.

— சரி, தொடல. உங்களுக்கு மட்டுமா, எனக்கும் துக்கந்தான்.

— பிக்கு மணி அடிக்கிறாரு பாருங்க. பெட்டியத் தூக்கிட்டாங்க. வழி விடுங்க.

— அண்ணன் இருந்தா இத உடைக்க விடுவாரா?

— சூளை திறக்கற அன்னிக்கெல்லாம் சுத்தியலோட உக்காருவாரே, பிடிக்காததயெல்லாம் உடைச்சுத் தள்ளுவாரே, அப்ப அவரத் தடுத்தீங்களா?

— கலைஞன்னா கோவம் இருக்கத்தான் செய்யும். வேண்டாம் அண்ணி, தரையில தலைய வெச்சுக் கேக்கறேன். ஆவியாவது ஒண்ணாவது. அப்படியே வந்தாத்தான் என்ன? உங்கள ஒருநாளும் தனியா விட்டதில்ல மனுஷன். ஒரு எட்டு உங்களப் பாத்துட்டுப் போறாரு.

— தம்பி, நேத்து அவரு பொணம் கூடத்துல கிடந்துச்சு. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்ததுலேர்ந்து, அடி விழுமோன்னு பயப்படாமத் தூங்கினது நேத்து ஒருநாள்தான். தள்ளுங்க.