மூன்றாம் தொட்டியைக் கெடுத்த சுமை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அனுபவத்தில் மூத்த பெரியோர்களே, வயலிலிருந்து நேரே வந்து வாசலோரம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஆலைத் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையை என்ன செய்தோம்? எரித்தோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த ஆண்டும் எரித்தோம்! இன்று அதே கட்டையை அரைக்கிறோம், வேகவைக்கிறோம், அதில் இறங்கும் சர்க்கரைச் சாற்றைத் தொட்டியில் விட்டு ஒரு பூஞ்சையை வளர்க்கிறோம். பூஞ்சை சர்க்கரையைத் தின்கிறது. பெயிண்டுக்கும் பசைக்கும் வேண்டிய அமிலத்தைத் தருகிறது. என்ன அண்ணே, மூக்கைப் பொத்துகிறீர்கள்? ஆமாம், நாறத்தான் செய்யும்!

பெருமையை மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் ஒரு பிழையைப் பேச வந்தேன்.

போன அறுவடையில் மூன்றாம் தொட்டி நின்றுபோனது. பூஞ்சை வளரவில்லை, அமிலம் ஒரு சொட்டும் இல்லை. "இன்னொரு முறை தவறினால் வேறு இடம் பார்ப்போம்" என்றது வாங்கும் கம்பெனி. பழி யார் தலையில் விழுந்தது? தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் தலையில். மோப்பத்திலேயே தொட்டியின் நிலையைச் சொல்லிவிடும் அவரை நாம் மூக்கண்ணன் என்போம். சரியாகக் கழுவவில்லை என்று சொல்லி, அவரை வேலையை விட்டு அனுப்பக் குழு கூடியது. குழுவில் நானும் ஒருத்தி.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "நல்லாத்தான் கழுவினேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலைங்க."

பிழை அவருடையதல்ல என்று எனக்குத் தெரியும். எப்படி? கதிரில் பூசணம் கண்டு பயந்து, அறுவடைக்கு நான்கு நாள் முன்பு மருந்தடித்தவள் நான்! அந்த வயலின் கட்டைச் சுமையை அந்தத் தொட்டிக்கே கொடுத்தவள் நான்! திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வாயை மூடியவளும் நான்! வயலில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து, தொட்டியில் பூஞ்சையைக் கொஞ்சுமா?

பக்கத்திலிருந்த நாத்தனார், "அண்ணி, சும்மா இருங்க. மானம் போயிடும்" என்றாள்.

எழுந்தேன். "மருந்தடிச்ச சுமை என்னோடது. அவரை விட்டுடுங்க."

திட்டுவார் என்று நின்றேன். மூக்கண்ணனோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்த மருந்தும்மா? எவ்வளவு அடிச்சீங்க?" என்று கேட்டார். பிறகுதான் குரல் உடைந்தது. "மூணு நாளா என் பொண்டாட்டிகூட என்னைத்தான் சந்தேகப்பட்டா."

குழுவிலிருந்து நான் விலகினேன். அவர் தங்கினார், ஒரு வழியும் கண்டார். ஒவ்வொரு சுமையிலும் ஒரு கைப்பிடி எடுத்து வேகவைத்து, அந்தச் சாற்றில் முதலில் பாட்டிலில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது. வளர்ந்தால் மட்டுமே சுமை தொட்டிக்கு. அதன்பின் ஒரு தொட்டியும் நிற்கவில்லை. கம்பெனியும் போகவில்லை.

மருந்தடித்தது குற்றமா? இல்லை! பயிரைக் காத்தது பாவமா? இல்லை! மறைத்தேனே, அதுதான் ஒரு மனிதரின் வேலையை உலுக்கியது, வீட்டை உலுக்கியது. நாளை ஆலை வாசலில், "என்ன மருந்து, எப்போது?" என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். மருந்தடித்த கட்டையைத் தனியே ஒதுக்கி வைப்போம். யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. முன்வரிசையில் மனைவியோடு அமர்ந்திருக்கும் மூக்கண்ணனுக்கு, அன்று அறைக்குள் சொல்லாததைச் சபையறியச் சொல்கிறேன்: என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே.

வணக்கம்.