தாய்ப்பால் மேல் விழுந்த பழி

தேவராஜ மொஹல்லா என்ற பேட்டைக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்தவள், பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "என் பால் விஷமுன்னு சொல்லிப்போட்டாங்கக்கா."

"யாரு?"

"நாத்தனாருதான். புள்ள வெளிக்கிருந்தா ரத்தமா போச்சு. டாக்டரு, உன் பால்ல குத்தமில்லம்மா, நீ குடிக்கிற மாட்டுப்பால்தான் உன் பால் வழியாப் போயி புள்ளைக்கு ஒத்துக்கலைன்னாரு. பால் ஊறட்டும்னு சொம்பு சொம்பா மாட்டுப்பால் குடிக்க வெச்சதே அவங்கதான். பழி மட்டும் எனக்கு."

"இப்ப எப்படி?"

"டாக்டரு சொன்னபடி பால், தயிர், நெய்யெல்லாம் விட்டேன். கொஞ்ச நாள்ல ரத்தம் நின்னுபோச்சு. நேத்து விருந்துல அதே நாத்தனாரு பால் பாயசத்தை நீட்டி, ஒரு வாய்க்கு என்ன ஆயிரும்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"பாயசத்தைத் தள்ளி வெச்சுட்டேன்க்கா. அவங்க முன்னாடியே உக்காந்து புள்ளைக்குப் பால் குடுத்தேன்."