ரிவால்வர் மாறினால் ரத்தம் வராது

"இந்தத் துப்பாக்கியில நான் எப்பண்ணே சாகுறது?"

நுவரெலியாவிலிருந்து ராகலை போகும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கேட்டவர், இன்று சாயங்காலம் தேயிலைத் தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் வில்லன். பக்கத்தில், புதிதாக வாங்கிய விளையாட்டு ரிவால்வரோடு நாடகத்து இன்ஸ்பெக்டர்.

"புது மாடல்டா! பழசு மாதிரி ஒவ்வொரு தடவையும் பின்னால உள்ள குதிரைய இழுக்க வேணாம். விசைய அழுத்துனா அதுவா ஏறி வெடிக்கும்!"

"அதான் வம்பு. நீங்க குதிரைய இழுக்குற 'டக்' சத்தம் கேட்டுத்தானே சட்டைக்குள்ள சாயப் பைய ஒடைப்பேன்? வெடிக்கிறப்ப ரத்தம் சரியா வரும். இனிமே ரத்தமில்லாம செத்தா தோட்டமே சிரிக்கும்ணே!"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "சுடுறதுக்கு முன்னாடி இருமுறேன். அப்ப ஒடைச்சிக்க."

"இந்தக் குளிருல சனம் பூரா இருமும். நீங்க மேடைக்கு வர்றதுக்குள்ள நான் ரத்தக்களறியா நிப்பேன்!"