குளிர் இல்லாத ஊர்

காலடிப்பேட்டையில் பஸ் ஏறியபோது எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் காக்கிச் சட்டையில் இருந்தார். மற்றவர் அவருடைய பழைய தோஸ்து. வைகாசி வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை.

"அண்ணி தவறிப் பூட்டாங்கன்னு நேத்துதான் கேள்விப்பட்டேன்," என்றார் தோஸ்து.

"குளிரு இல்லாத ஊரா கேட்டு வாங்கிக்கினு வந்தேன் மாமு. அதான் தப்பாப் பூட்ச்சு."

"சிம்லாவுல நெஞ்சுச் சளின்னியே?"

"ஆமா. இன்னொரு குளிரு தாங்க மாட்டாங்கன்னாரு டாக்டரு. அதான் நம்ம ஊருக்கே மாத்தல் கேட்டேன். அவ மலையில பொறந்தவ. மார்கழியில வந்து எறங்கினோம். விசிறிக்கினே, 'இதுதான் உங்க ஊரு குளிரா?'ன்னு சிரிச்சா. மாசி வரைக்கும் ஒரு இருமல் இல்ல."

"அப்பால?"

"சித்திரை வந்துச்சு. வாசல்ல கோணிய நனைச்சுக் கட்னேன். ஒடம்புல ஈரத்துணி போட்டேன். பத்து நாளு காய்ச்சல் எறங்கவே இல்ல. கடைசி நாளு மத்தியானம், கண்ணத் தொறக்காமலே, 'வெளிய பனி வுழுதா?'ன்னு கேட்டா."

"நீ இன்னா சொன்னே?"



"நெறைய வுழுதுன்னேன். 'அப்ப இன்னிக்கு வேலைக்குப் போவாதே'ன்னா. சரின்னு பக்கத்துலயே குந்திகினேன்."