முகாமை அழித்த மதியம்

அவைக்கு அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! ஆறு மாதம் எங்கள் அறியாமையை அலுக்காமல் பொறுத்த ஆசிரியர் அவர்களே! வேலை முடித்த களைப்போடு வந்து விசைப்பலகை முன் அமர்ந்த பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் பாடமுமாய் இருந்த தாய்மார்களே! இன்று சான்றிதழ் பெறும் தோழர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் ஒரு மருத்துவமனை இரத்த வங்கியின் பதிவாளர். வாழ்த்த அழைத்தீர்கள். நானோ என் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

இதே நிரல் எழுதும் வகுப்பில் நான்கே பாடம் படித்துவிட்டு, இணையச் செயலி கட்ட உதவும் வெப் ஃப்ரேம்வொர்க் கைக்குள் வந்துவிட்டதென்று தலைகால் புரியாமல் ஆடினேன். கொடையாளர் பட்டியலுக்கு ஒரு செயலி கட்டினேன். ஒவ்வொரு கொடையாளரையும் அவர் இரத்தம் கொடுத்த முகாமோடு இணைத்தேன். அப்போது ஃப்ரேம்வொர்க் என்னை ஒன்று கேட்டது: முகாமின் பதிவை அழித்தால், அதோடு இணைந்தவர்கள் என்ன ஆகவேண்டும்? எவ்வளவு பெரிய கேள்வி! நான் என்ன செய்தேன்? பாடத்தில் இருந்த வரியை அப்படியே ஒட்டினேன். சேர்த்து அழி என்பதுதான் அந்த வரி.

முன்வரிசையில் ஒரு தங்கை தலையில் கைவைக்கிறார். அவருக்குப் புரிந்துவிட்டது!

முடிந்துபோன முகாம் எதற்கு என்று ஒருநாள் மதியம் அதை அழித்தேன். அதோடு இணைந்த இருநூற்றுப் பன்னிரண்டு கொடையாளர்களும் பட்டியலிலிருந்து ஓசையின்றி மறைந்தார்கள். நான் அறியவில்லை. மறுவாரம், பிரசவத்தில் இரத்தம் இழந்து ஒரு பெண் கிடந்தார். அரிய வகை இரத்தம். தேடினேன். "யாரும் இல்லை" என்றது திரை.

என்ன தம்பி? நகல் எடுத்துவைத்த பேக்கப் எங்கே என்கிறீர்களா? எங்கள் தலைமை மருத்துவரும் அதைத்தான் கேட்டார். இல்லை!

வேறு ஊரிலிருந்து இரத்தம் வர ஐந்து மணி நேரம் ஆனது. தாயும் பிழைத்தார், சேயும் பிழைத்தது. ஆனால் வாசலில் நின்ற கணவரின் ஐந்து மணி நேரத்தை யார் திருப்பித் தருவது?

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிடுங்க" என்றார் உடன் வேலை பார்ப்பவர். நான் நேராக அந்தக் கணவரிடம் போனேன். "கோளாறு இல்லைங்க. நான்தான் புரியாம எழுதிட்டேன்" என்றேன். அவர் கத்தவில்லை. "இனிமே யாருக்கும் இப்படி ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. வெட்கத்தில் குன்றிப்போனேன்.

மறுநாள் முதல் பாடத்திலிருந்து மீண்டும் படித்தேன். ஒட்டிய ஒவ்வொரு வரியையும் ஏன், ஏன், ஏன் என்று கேட்டேன். அந்த வரியை மாற்றினேன்: ஒரே ஒரு கொடையாளர் இருந்தாலும் முகாமை அழிக்க விடாதே! போலி முகாம் ஒன்றை உருவாக்கி அழித்துப் பார்த்தேன். மறுத்தது. இருபது முறை முயன்றேன், இருபது முறையும் மறுத்தது.

அதன்பிறகே அந்தக் கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"இனிமே ஆகாதுங்க. நானே அழிச்சுப் பார்த்துட்டேன். விடல."

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது. "சரிம்மா, பசிக்குது போல, வெச்சுடறேன்" என்றார்.

தோழர்களே! உங்கள் திரைக்கு அப்பால் ஓர் உயிர் காத்திருக்கும். அதற்குப் பதில் சொல்லத் துணிந்தபின் எழுதுங்கள். என் பிழையைப் பொறுமையாய்க் கேட்ட அவைக்கு நன்றி. வணக்கம்.