பின்கட்டு அடிபம்பு

சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு வெளியூரில் தாகம் அடங்குவதில்லை. கிழக்குக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் ஆய்வுக்காகத் தங்கியிருந்தபோது நான் அவதிப்பட்டது அதனால் மட்டும்தான். மற்றபடி வேலை பிடித்திருந்தது. மணலில் தோண்டிய செப்டிக் டேங்குகளின் கழிவு கசிந்து கடலோரத் தண்ணீரை எப்படிக் கெடுக்கிறது என்பதே என் ஆய்வு.

தொண்ணூற்றாறில் அதை எழுதி முடிக்கக் கோயமுத்தூர் திரும்பினேன். மணலில் நடப்பது சரி, பாறை நிலத்தில் என்ன ஆகும், ஒப்பிட இன்னோர் இடம் வேண்டுமே என்றார் என் வழிகாட்டி. மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய எனக்குத் தெம்பில்லை. அந்தக் களைப்பு உங்களுக்குப் புரியும், இன்ஸ்பெக்டர் சார்.

செல்வபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த நான்கு லைன் வீடுகள். குடியிருப்பவர்களுக்கு ஓர் அடிபம்பு. சிறுவாணிக் குழாய் முன்வீட்டில் எங்களுக்கு மட்டும். தோட்டத்து மூலையில் வற்றிப்போன போர்வெல் ஒன்று இருந்தது. செப்டிக் டேங்கில் வழிவதைக் குழாய் வைத்து அப்படிப்பட்ட போர்வெல்லில் இறக்கிவிடுவது எங்கள் பக்கம் பலர் செய்கிற காரியம்தான். நாற்றம் இருக்காது, லாரி கூப்பிட வேண்டாம். அது எங்கே போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் இறக்கினேன்.

மாதாமாதம் பம்புத் தண்ணீரைச் சோதித்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு கிருமி ஏறியது. மணலைவிடப் பாறை வெடிப்பில் வேகமாகவே வந்து சேர்ந்திருந்தது. அழகான முடிவு.

அந்த மாதம்தான் லைன் வீட்டுத் தையல்காரர் இல்யாஸின் மனைவி இஸ்மத் குடத்தோடு வந்தாள். ஆறு மாதக் கர்ப்பம்.

"ஏனுங்ணா, பம்புத் தண்ணி கொமட்டுதுங்க. பிரசவம் வரைக்கும் தெனம் ஒரு கொடம் சிறுவாணி புடிச்சுக்கட்டுங்களா?"

கொடுத்திருக்கலாம். ஒருத்திக்குக் கொடுத்தால் நான்கு வீடும் வரும். பம்பை யாரும் அடிக்கமாட்டார்கள். அடிக்காமல் தேங்கிய தண்ணீர் சோதனைக்கு உதவாது.

"வாயும் வயிறுமா இருக்கறப்ப அப்படித்தான் அம்மணி. நானே சோதிச்சுப் பாத்துட்டுத்தான் வாரேன். நல்ல தண்ணி."

அவள் சிரித்தாள். "தண்ணிக்குன்னே படிச்சவரு சொன்னாச் சரிதானுங்க. எங்கூட்டுக்காரரு நான் பம்படிக்காம நோகாம இருக்கப் பாக்கறேன்னு சொல்றாரு."

வெறுங்குடத்தோடு போனாள்.

மார்கழியில் மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லியை அரைத்துப் பம்புத் தண்ணீரில்தான் கலக்கிக் கொடுத்தார்கள். கழிவு கலந்த தண்ணீரில் வரும் காமாலை கர்ப்பிணிகளை விடாது என்று படித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதும் நான்தான். வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த இல்யாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எதுல வந்துதுன்னே தெரியலீங்க. தண்ணியில கொறையில்லைன்னு நீங்க சொன்னீங்களே, அதான் ஒரு ஆறுதல்."

எனக்கு மிகவும் அசதியாக இருந்தது. ஆமாங்க என்றேன்.

குழாயை எடுத்துவிடவில்லை. ஒரு வருடத்துக் கணக்கு முழுதாக வேண்டியிருந்தது. மறுநாள் நான் பாட்டிலைப் பிடிக்க, பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் பம்பை அடித்துக் கொடுத்தாள். பிறகு தன் குடத்தை நிரப்பிக்கொண்டாள்.

கழிவை இறக்கியது நான். தெரிந்தே அவர்களைக் குடிக்கவிட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் ஆய்வில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதையும் சேர்த்து எழுதிவிட்டால் எனக்குப் போதும்.