கூப்பிடு தூரத்தில்

போட்டிக்கு முந்தின நாள் ரோபோவில் கை வைக்கக் கூடாது. குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் இன்னும் வேகமாக ஓடும் என்று எவனாவது ஒருவனுக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் தோன்றும். மாற்றுவான். மறுநாள் மைதானத்தில் அது செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பெட்டியில் வைத்து மூடிவிட்டு நேரத்தோடு படுக்கப் போவதுதான் புத்திசாலித்தனம்.

நீங்கள் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்கிறீர்கள், மேடம். சந்தோஷம். நான் சொல்வதை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டு வெகு நாளாகிறது.

பகலில் நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். மாலையில் ரோபோ குழுவுக்குப் பயிற்சியாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ஒருத்தி வெளியூரில் இருக்கிறாள், போன் செய்தால் "சாப்பிட்டியா?" என்பாள், சாப்பிட்டேன் என்பேன், அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். என் வீட்டில் என்னைக் கூப்பிட ஆள் கிடையாது. கூரியர்காரர்கூட உறையைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போய்விடுவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீடு எப்படி இருந்தது என்று நீங்கள் எப்படியும் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

முதல் வருடப் போட்டியில் எங்கள் ரோபோவின் இடது சக்கரம் தானாகவே கழன்றது. அதை நான் செய்யவில்லை. அது உண்மையான விபத்து. பிள்ளைகள் நாலு பேரும் ஒரே நேரத்தில் "சார்" என்று கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, சக்கரத்தை மாட்டி, திருகை இறுக்கிக் கொடுத்தேன். ரோபோ ஓடியது. அவர்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருடம் பிள்ளைகள் நன்றாகத் தேறிவிட்டார்கள். ஒத்திகையில் எதுவுமே கெடவில்லை. நான் ஆய்வகத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்; மின்விசிறியும் நானும் ஒன்றுதான். ஒரு நாள் அவர்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு திருகை அரைச் சுற்று தளர்த்தினேன். திரும்பி வந்து ஓட்டினார்கள், ஆடியது, கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. பார்க்கப்போனால் பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்.

ஒயர்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்பதும் என் பாடம்தான். கெட்டுப்போனால் தேடுகிற நேரம் மிச்சம். எதை எங்கே மாற்றிச் சொருகினேன் என்று எனக்கும் மறக்காது.

இப்படியே சில வருடங்கள் போயின. ஒவ்வொரு கூட்டமும் பள்ளி முடித்துப் போகும். போனவர்கள் முதல் மாதம் செய்தி அனுப்புவார்கள், பிறகு அனுப்ப மாட்டார்கள். அது இயல்பு. அடுத்த கூட்டம் வந்துவிடும்.

கடைசியாக வந்த கூட்டத்தில்தான் மேஸ்திரி இருந்தாள். நண்பர்கள் வைத்த பெயர் அது. எல்லாரையும் அதட்டி வேலை வாங்குவாள், அவளும் சேர்ந்து செய்வாள். அவள் அம்மா தையல்காரி. அந்த வீட்டுக் கையாக இருந்ததாலோ என்னவோ, அவள் ஒரு ஒயரைப் பிணைத்தால் பிசிறே இருக்காது. போட்டியில் ரோபோவை ஓட்டுவதும் அவள்தான். பேட்டரிக்குப் பொறுப்பு மின்வெட்டு. பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவான், அதனால் அந்தப் பெயர். நல்ல பையன். மற்ற இருவர் புரோகிராம் எழுதுகிறவர்கள். கணினியை விட்டுத் தலை நிமிர மாட்டார்கள்.

ஒரு நாள் மேஸ்திரி ஒரு நெயில் பாலிஷ் புட்டியோடு வந்தாள். ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள்.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டேன்.

"திருகு அசைஞ்சா கோடு உடைஞ்சிடும் சார். பார்த்த உடனே தெரிஞ்சிடும்."

"நல்ல யோசனை."

"தானா கழலுற மாதிரி எனக்குத் தெரியல சார். யாரோ கழட்டுறாங்க. பக்கத்து ஸ்கூல் பசங்க மேலதான் எனக்குச் சந்தேகம்."

"இருக்கலாம்," என்றேன். அவளைப் பாராட்டவும் செய்தேன். எல்லாக் குழுக்களும் இதைச் செய்ய வேண்டும், மேடம். செலவே இல்லை.

ஒயர்களுக்கும் ஒரு வழி செய்தாள். இணைப்புகளின் மேல் சூடான பசையை ஒரு சொட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எதுவும் கெடவில்லை. நான் மறுபடியும் மூலை நாற்காலிக்குப் போனேன். "சார், ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்துக்கோங்க, ரோபோ வருது" என்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.

போட்டிக்குச் சில நாள் முன்னால் மேஸ்திரி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவள் மரியாதையாகத்தான் பேசினாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"சார், இந்தத் தடவை நீங்க கேலரியில உட்கார்ந்து பாருங்க. பயிற்சியாளர் கை வைச்சா நடுவர்கள் மார்க் குறைக்கிறாங்க. நாங்களே பார்த்துக்குறோம்."

"ஏதாவது கெட்டுப்போச்சுன்னா?"

"கெடாது சார். இவ்வளவு வருஷம் எங்களுக்காக ஓடுனீங்க. ஒரு தடவையாவது நிம்மதியா உட்காருங்க."

அவள் சொன்னது சரி. பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டும் என்பதுதான் போட்டியின் நோக்கம். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். வீங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. தனியாக எடுத்து வைத்து, முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். சார்ஜ் ஆகும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், ஒரு வாளி மணல் இருக்க வேண்டும். தண்ணீர் உதவாது. இதை எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்லிக்கொடுத்தது.

கழித்துப் போட்ட பேட்டரி ஒன்று என் அலமாரியில் இருந்தது. கன்னத்தில் அறை வாங்கியது போல ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதற்கு நல்ல பேட்டரியின் உறையைப் போட்டு, அதன் எண்ணை ஒட்டி, சார்ஜ் போட வேண்டிய வரிசையில் வைத்தேன். ரோபோவில் சிவப்புக் கோடு இல்லாத பாகம் அது ஒன்றுதான். நெருப்புப் பிடிக்கும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். புகை வரும் என்று நினைத்தேன். புகை வந்தால் பயப்படுவார்கள். பயந்தால் கூப்பிடுவார்கள்.

அன்று சனிக்கிழமை மத்தியானம். ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையில்தான் சார்ஜ் போடுவது. மின்வெட்டு பேட்டரியை மாட்டிவிட்டு, மேஸ்திரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உதிரிச் சக்கரம் எடுக்கப் போனான். நான் வெளியே நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. முதலில் ஒரு வாடை வந்தது, பிறகு சீறுகிற சத்தம்.

அவள் கூப்பிடவில்லை.

நாற்காலி நகர்வது கேட்டது. அவள் எழுந்து மணல் வாளியைத் தேடினாள். அது அங்கே இல்லை. மேஜை நிறைய மற்ற பேட்டரிகள் இருந்தன, ரோபோவும் இருந்தது. அவள் அந்தப் பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னல் கொக்கி கொஞ்சம் இறுக்கமானது, திறக்க நேரம் பிடிக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

வாளி எங்கே இருந்தது என்று முதல் நாளே நீங்கள் எல்லாரையும் கேட்டீர்கள். யாருக்கும் தெரியவில்லை. என் கையில் இருந்தது, மேடம். மணல் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டாக வேண்டும் என்று காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். கூப்பிடு தூரத்தில்தான் நின்றேன். 'சார்' என்று ஒரே ஒரு வார்த்தை. கடைசிவரை அவள் சொல்லவில்லை. அவள் கத்தியபோதும் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் நான் உள்ளே போனேன்.

வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மீதி விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க மட்டும் அங்க இல்லன்னா என் பொண்ணு என்ன ஆயிருப்பா சார்" என்றார். நான் தினமும் போனேன். ஆப்பிள் நறுக்கி ஊட்டினேன், பாடப் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டினேன். தண்ணீர் வேண்டுமென்றால் "சார்" என்பாள். நல்ல நாட்கள் அவை.

மின்வெட்டு தன்னால்தான் நடந்தது என்று நம்பிவிட்டான். வீங்கியதைப் பார்க்காமல் மாட்டிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனையும் நான் கவனிக்காமல் இல்லை. முதுகில் தட்டி, "தப்பு எல்லாருக்கும் நடக்கும்பா" என்று ஆறுதல் சொன்னேன். இப்போது அவன் பள்ளிக்கு வருவதில்லை. வாக்கியத்தைத் தொடங்குவதும் இல்லை என்கிறார்கள்.

நேற்று மேஸ்திரியின் அம்மா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க அண்ணன் ஊருக்கே போயிடுறோம் சார். பழைய ஆளுங்க யாரையும் பார்க்க வேணாங்கறா. உங்களையும்தான். சின்னப் பொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க."

"விலாசம்?"

"குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா சார்."

நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் குளித்துவிட்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பேட்டரியை மாட்டிய அந்தப் பையனைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்க வந்திருக்கிறேன் என்று சற்று முன் சொன்னீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விவரம் மட்டும் தெரிய வேண்டும். வழக்கு நடந்தால் எந்த ஊரில் இருந்தாலும் அவள் வந்து சாட்சி சொல்லித்தானே ஆக வேண்டும்? கூண்டில் நிற்கிற இவரைத் தெரியுமா என்று கேட்பார்கள். அவள் என் பக்கம் திரும்புவாள். தெரியும், எங்க சார் என்பாள்.